ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே தவக்குல்

இணைய விண்ணப்பம் ஒன்று ஏற்கப்படாதபோது, "நமக்கு நஸீப் இல்லை" என்று கணினியை மூடிவிடும் வழக்கம் நம் குடும்பங்களில் இருக்கிறது. அது கல்வி உதவித்தொகைக்கான கடைசி நாளாக இருந்தால், பிள்ளையின் ஓராண்டுப் படிப்பே கேள்விக்குறியாகிவிடும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இங்கே கட்ட வேண்டிய கயிறுகள் சிலவே.

நெடுநேரம் திறந்து வைத்த பக்கம் காலாவதியாகிவிடும். அதன்பின் பொத்தானை அழுத்தினால் எழுதியதெல்லாம் அழிந்துபோகலாம். ஆகவே நீண்ட பதில்களை முதலில் தனிக் கோப்பில் எழுதிச் சேமித்துக்கொள்ள வேண்டும். உலாவியில் குக்கீகளைத் தடுத்திருந்தால், நாம் உள்நுழைந்ததையே தளம் மறந்துவிடும். விளம்பரத் தடுப்பான் சில வேளைகளில் 'நான் ரோபோ அல்ல' என்னும் கட்டத்தையும் மறைத்துவிடும். அதை நிறுத்திவிட்டோ வேறு உலாவியிலோ முயலலாம். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ், அங்கே பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். யூனிகோடில் எழுதுவதே தீர்வு.

இவற்றை அறிந்த இளைஞர்கள் எல்லா மஹல்லாவிலும் உள்ளனர். விண்ணப்பக் காலங்களில் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் மதரஸா அறையில் அமர்ந்து அவர்கள் உதவ, ஜமாஅத் நிர்வாகங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பெரியவர்களின் தடுமாற்றத்தைக் கேலி செய்யாமல் பொறுமையுடன் கற்றுத் தருவதும் ஸதகாவே.

ஒப்புகை எண் கைக்கு வந்ததா எனப் பார்த்துக் குறித்துக்கொள்வோம். அதன் பிறகு துஆவுக்குக் கையேந்துவோம், இன்ஷா அல்லாஹ்.