நான்கு முதலிடங்களும் ஒரு பாடகியும்

டோனா சம்மருக்கு அமெரிக்காவில் எத்தனை முதலிடப் பாடல்கள்? நான்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்லக்கூடிய நண்பர்களோடுதான் என் இருபதுகள் கழிந்தன. 'மெக்ஆர்தர் பார்க்' மூன்று வாரம், 'ஹாட் ஸ்டஃப்' மூன்று, 'பேட் கேர்ள்ஸ்' ஐந்து, பார்பரா ஸ்ட்ரைசாண்டோடு பாடிய 'நோ மோர் டியர்ஸ்' இரண்டு. மொத்தம் பதிமூன்று வாரம். எல்லாம் 1978 நவம்பருக்கும் 1979 டிசம்பருக்கும் நடுவில். நானும் இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். சிவப்பு மையில் முதலிடம், நீல மையில் முதல் பத்து. கறுப்பு மையில் எழுதியவற்றை நாங்கள் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

அந்த நோட்டின் மீதுதான் எனக்கு இப்போது கோபம். பாட்டைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் பேசியது மளிகைக்கடைக் கணக்கு. அந்தக் கணக்காவது சரியாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை.

ஒரே பாட்டை எடுத்துக்கொள்வோம். 'ஐ ஃபீல் லவ்', 1977. பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடம். அமெரிக்காவில் ஆறாவது இடத்தோடு நின்றுவிட்டது. ஆக, அமெரிக்கக் கணக்கில் இது அவருடைய தலைசிறந்த நான்கில் இல்லை. பிரிட்டன் கணக்கில் இது ஒன்றுதான் இருக்கிறது, அங்கே அவருக்கு வேறு முதலிடமே கிடையாது. அமெரிக்காவில் ஐந்து வாரம் உச்சியில் உட்கார்ந்திருந்த 'பேட் கேர்ள்ஸ்' பிரிட்டனில் 14-ஐத் தாண்டவில்லை. இதில் எந்த எண் அந்தப் பாட்டின் எண்? "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுக்கலாமே" என்றான் ஒருத்தன். கிண்டலுக்குச் சொன்னான் என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அந்த எண் எப்படி வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. 1991-க்கு முன்னால் பில்போர்டு பட்டியல் என்பது விற்பனையின் எண்ணிக்கையே அல்ல. கடைக்காரர்களிடம் எது நன்றாகப் போகிறது என்று கேட்பார்கள். அவர்கள் ஒரு வரிசை சொல்வார்கள். வானொலிகளிடம் என்ன ஒலிபரப்புகிறீர்கள் என்று கேட்பார்கள். அவர்களும் ஒரு வரிசை சொல்வார்கள். இரண்டையும் கலந்து ஒரு பட்டியல். பார்கோடு வழியாக நிஜமான விற்பனையை எண்ண ஆரம்பித்ததே 1991-இல்தான். அதற்கு முன் 'முதலிடம்' என்றால், பல பேரைக் கேட்டதில் பெரும்பாலோர் இதைச் சொன்னார்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. இதை வைத்துக்கொண்டா நாங்கள் விடிய விடிய சண்டை போட்டோம்!

இதைவிட முக்கியமான ஒன்று. டிஸ்கோ என்பது வானொலியில் பிறந்த இசை அல்ல. நியூயார்க்கின் கிளப்களில், கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் ஒருபால் ஈர்ப்பாளர்களும் கூடி ஆடிய இடங்களில் வளர்ந்த இசை. ஒரு பாட்டு ஜெயித்ததா இல்லையா என்று தீர்மானித்தது இரவு இரண்டு மணிக்கு அந்தத் தளத்தில் ஆடிய கால்கள். அந்தக் கால்களுக்குப் பில்போர்டு 1974 முதல் ஒரு தனிப்பட்டியல் வைத்திருந்தது. அதில் ஒரு ஆல்பம் முழுவதும் ஒரே வரியாக ஏறும். சம்மருக்கே அப்படி நடந்திருக்கிறது. ஆனால் பிரதான பட்டியலுக்கு அந்த ஆட்டம் கணக்கில்லை. நாங்கள் பக்திசிரத்தையாக மனப்பாடம் செய்தது அந்த இசையின் வீட்டைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் எடுத்த கணக்கெடுப்பை.

சரி, பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடலாமா? அப்படிச் சொல்லும் இன்னொரு கோஷ்டி இருக்கிறது. அவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் அதிகம்.

இவர்கள் படித்தவர்கள். "சார்ட்ல என்ன இருக்கு, சவுண்டைக் கேளுங்க" என்பார்கள். 'ஐ ஃபீல் லவ்' என்றதும் கண்ணை மூடிக்கொண்டு ஜியார்ஜியோ மொரோடர் என்பார்கள், மூக் சிந்தசைசர் என்பார்கள், மியூனிக் என்பார்கள். அடுத்து கட்டாயம் அந்தக் கதை வரும்: பெர்லினில் டேவிட் போவி ஒலிப்பதிவில் இருக்கும்போது பிரையன் ஈனோ இந்த ரெக்கார்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, எதிர்காலத்தின் ஒலி இதுதான் என்று சொன்னாராம். நல்ல கதைதான். ஆனால் ஒரு பெண் பாடிய பாட்டை மதிக்க இரண்டு ஆண்களின் சாட்சிக் கையெழுத்து எதற்கு? அந்தக் கதையில் பாடியவர் எங்கே? இவர்கள் சொல்வதைக் கேட்டால் இயந்திரம் பாடியது, இவர் பக்கத்தில் நின்றிருந்தார் என்றுதான் தோன்றும்.

பாட்டைக் கேளுங்கள். கீழே இயந்திரம் ஒரே மாதிரி துடித்துக்கொண்டிருக்கிறது. கிட்டத்தட்ட எல்லாமே சிந்தசைசர். மனிதக் கை என்று இருப்பது டிரம்மில் விழும் அந்த அடி மட்டும். அதன் மேல் சம்மர் எப்படிப் பாடுகிறார்? தேவாலயத்தில் பத்து வயதில் பாட ஆரம்பித்தவர் அவர். பிராட்வே மேடைக் குரல் உடையவர். ஜெர்மனிக்கு அவர் போனதே 1968-இல் 'ஹேர்' இசைநாடகத்தில் நடிக்கத்தான். 'லாஸ்ட் டான்ஸ்' கேட்டால் தெரியும் அந்தத் தொண்டையில் எவ்வளவு பலம் என்று. அவ்வளவையும் இங்கே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, மேல் ஸ்தாயியில், புகை மாதிரி, எடையே இல்லாமல் மிதக்கிறார். இயந்திரத்தோடு போட்டி போடவில்லை. அதற்குப் பணியவும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் பாட்டு. மூக்கை யார் வேண்டுமானாலும் வாடகைக்கு எடுக்கலாம். பாட்டின் ஆசிரியர் வரிசையில் மொரோடர், பீட் பெலோட் என்ற இரண்டு பெயரோடு மூன்றாவதாக டோனா சம்மர் என்ற பெயரும் இருக்கிறது. ரெக்கார்டின் நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தைப் படித்தாலே போதும்.

'லவ் டு லவ் யூ பேபி'யும் அப்படித்தான். அந்தத் தலைப்பு வரியை மொரோடரிடம் கொண்டுபோனவர் அவர். காசபிளாங்கா நிறுவனத்தின் நீல் போகார்ட் கேட்டதால் அது ஏறக்குறைய பதினேழு நிமிடமாக நீண்டது. விளக்கைக் குறைத்து, தரையில் படுத்துக்கொண்டு, மர்லின் மன்றோ பாடினால் எப்படிப் பாடுவார் என்று நினைத்துப் பாடினதாக அவரே சொல்லியிருக்கிறார். அதாவது அது நடிப்பு. ஒரு மேடைக்காரி செய்த வேலை. உலகம் என்ன செய்தது? முனகலை எண்ணியது. டைம் இதழ் 22 என்று கணக்குச் சொன்னது. எண்ணும் வியாதி ரசிகர்களுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள்.

இப்போது என் பழைய நோட்டுக்குத் திரும்புகிறேன். அதில் சிவப்பு மையில் ஒரு வரி: "பேட் கேர்ள்ஸ், 1979 ஜூலை 14, முதலிடம்." பல வருடம் அந்தத் தேதியை ஒப்பித்திருக்கிறேன். அதற்கு இரண்டு நாள் முன்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 12, வியாழக்கிழமை. சிகாகோவின் கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளரின் ஏற்பாடு. ஒரு டிஸ்கோ ரெக்கார்டைக் கொண்டுவந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவில், குவித்த ரெக்கார்டுகளை மைதானத்தின் மத்தியில் வைத்து வெடித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் உள்ளே பாய்ந்தார்கள். புல்தரை எரிந்தது. இரண்டாவது ஆட்டத்தை நடத்தவே முடியாமல் டெட்ராய்ட் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். அன்று அங்கே வேலை பார்த்த இளைஞர்களில் ஒருவர் வின்ஸ் லாரன்ஸ். பிற்பாடு சிகாகோவின் ஹவுஸ் இசையை உருவாக்கியவர்களில் ஒருவர். வந்து சேர்ந்த ரெக்கார்டுகளில் பல டிஸ்கோவே இல்லை, கறுப்பினக் கலைஞர்களின் ரெக்கார்டுகள் என்று அவர் சொல்லியிருக்கிறார். எதை எரித்தார்கள் என்று இதற்கு மேல் நான் விளக்கவேண்டியதில்லை.

இந்த வாரத்துப் பட்டியலில்தான் 'பேட் கேர்ள்ஸ்' முதலிடம் ஏறியது. அந்தப் பாட்டு எங்கிருந்து வந்தது? சம்மரின் உதவியாளரான ஒரு பெண்ணைத் தெருவில் ஒரு போலீஸ்காரர் பாலியல் தொழிலாளி என்று நினைத்து நிறுத்தினார். அந்த ஆத்திரத்தில் பிறந்த பாட்டு அது. நிறுவனத்தலைவர் அதை ஷெருக்குக் கொடுத்துவிடலாம் என்றார். சம்மர் கொடுக்கவில்லை. ரொம்ப நாள் பெட்டியில் கிடந்து பிறகு வெளியே வந்தது. நான்கு முதலிடங்களில் ஆசிரியராக அவர் பெயரும் இருக்கும் ஒரே பாட்டு இதுதான். 'மெக்ஆர்தர் பார்க்' ஜிம்மி வெப்புடையது. மற்ற இரண்டும் மற்றவர்களுடையவை.

இவ்வளவும் என் நோட்டில் "1" என்ற ஒற்றை எண்ணாக இருந்தது. அந்த எண்ணைப் பார்த்து "வெற்றி, வெற்றி" என்று கத்தினோம். அது எப்பேர்ப்பட்ட வெற்றி, யாருக்கு எதிராக என்று தெரியாமல் கத்தினோம். எண்ணைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லும் படித்த கோஷ்டியோடு நான் சேராததும் இதனால்தான். அந்தத் தேதி இல்லாவிட்டால் இந்தக் கதை எனக்குக் கிடைத்தே இருக்காது. பட்டியலில் பிரச்சனை இல்லை. அதைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறோமே, அதுதான்.

இன்னொரு வேடிக்கை. டிஸ்கோ ஒழிக, ராக் வாழ்க என்று வெடிவைத்து ஏழு மாதம் கழித்து, கிராமி விருதில் பெண்களுக்கான ராக் குரல் என்று முதல்முறையாக ஒரு பிரிவு வைத்தார்கள். வாங்கியது 'ஹாட் ஸ்டஃப்' பாடிய டோனா சம்மர். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் மட்டும் அவரை 2013-இல் சேர்த்துக்கொண்டது. 2012 மே 17 அன்று, 63 வயதில், அவர் இறந்துபோயிருந்தார்.

ரசிகர்கள் பேசத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் ஒரு பட்டியல்காரன்தான். எண்பதுகளின் நடுவில், எய்ட்ஸ் பற்றி அவர் மோசமாகப் பேசினார் என்று ஒரு செய்தி பரவியது. அவரை முதலில் ஏந்திக்கொண்ட ஒருபால் ஈர்ப்பு ரசிகர்கள் பலர் விலகினார்கள். அவர் அப்படிச் சொல்லவில்லை என்று மறுத்தார், கடிதம் எழுதினார், ஒரு பத்திரிகை மீது வழக்கும் போட்டார். காயம் முழுசாக ஆறவில்லை. எங்கள் கூட்டத்தில் அந்த வருடங்களின் சரிவை விளக்க ஒரு தயார் பதில் உண்டு: "கம்பெனி மாறினது தப்பு." நண்பர்களைச் சாவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கூட்டம் ஏன் ஒரு குரலை வீட்டைவிட்டு அனுப்பியது என்பதை நாங்கள் கம்பெனி விவகாரமாகச் சுருக்கிக்கொண்டோம்.

கடைசியாக என் கட்சிப் பாட்டு. 'டிம் ஆல் தி லைட்ஸ்'. சொல்லும் மெட்டும் அவர் ஒருத்தரே எழுதியது. 1979 நவம்பரில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதே நேரத்தில் ஸ்ட்ரைசாண்ட் ஜோடிப்பாட்டும் சந்தைக்கு வந்து, அது முதலிடத்துக்குப் போய்விட்டது. நிறுவனம் கொஞ்சம் பொறுத்திருந்தால் இது முதலிடம், அவருக்கு ஐந்து என்று எங்கள் கூட்டம் இன்றுவரை ஒப்பாரி வைக்கிறது. அந்த ஒப்பாரியில் நான்தான் முன்வரிசை.

அதில் ஆரம்பத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு சுரத்தைப் பிடிப்பார். பிடித்தவர் விடமாட்டார். தாளம் வந்து சேரும், வேகம் கூடும், அவர் இன்னும் அதே மூச்சில் நிற்பார். போன வாரம் ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன் (ஆமாம், நானும் எண்ணுகிறவன்தான்). பதினாறு விநாடி பக்கம் வந்தது. அந்த இடத்தை மட்டும் கேட்கச் சொல்லிப் பழைய நண்பனுக்கு அனுப்பினேன். இருபது வருடமாக இந்தப் பாட்டுக்காகச் சண்டை போட்டவன். அரைமணி நேரத்தில் பதில் வந்தது. "டேய், இப்படியெல்லாம் இதுல பாடியிருக்காங்களா?"