கவர்னர் பங்களா போன கதை!

ராஜாஜி மண்டபத்தைத் தெரியாத சென்னைவாசி உண்டா?

அண்ணா சாலையில் பஸ்சில் போகும்போது எட்டிப் பார்த்திருப்பீர்கள். அகலமான படிக்கட்டு. மேலே வரிசையாகத் தூண்கள். 1969ல் அண்ணா, 1972ல் ராஜாஜி, 1975ல் காமராஜர், 1987ல் எம்.ஜி.ஆர்., 2016ல் ஜெயலலிதா, 2018ல் கருணாநிதி... இத்தனை பேருடைய உடலையும் அங்கேதான் மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு, கடையைச் சாத்திவிட்டு, கியூவில் நின்று பார்த்தவர்கள் இதைப் படிப்பவர்களிலேயே ஏராளம் இருப்பீர்கள்.

அந்த மண்டபம் தனியாகப் பிறந்ததல்ல. பக்கத்தில் இருந்த ஒரு வீட்டுக்குத் துணையாக, விருந்து வைப்பதற்காகக் கட்டிய கூடம் அது.

கூடம் இருக்கிறது. வீடு எங்கே?

இடித்தாகிவிட்டது!

விதவையிடம் வாங்கிய வீடு

கவர்னர் பங்களா என்று நம் தாத்தாமார்கள் சொல்வார்களே, அதுதான் அந்த வீடு. அதை முதலில் கட்டியவன் வெள்ளைக்கார கவர்னர் அல்ல. மதெய்ரோஸ் என்ற போர்த்துக்கீசிய வியாபாரிக் குடும்பத்தின் தோட்ட வீடு அது. அந்தக் குடும்பத்தின் விதவை அந்தோனியாவிடமிருந்து 1753ல் கிழக்கிந்தியக் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது. அப்போது கவர்னர் சாண்டர்ஸ். (மெட்ராஸ் என்ற பெயரே இந்தக் குடும்பப் பெயரிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்கள் உண்டு. அது ருசுவான சங்கதி அல்ல. ஆனாலும் கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது.)

வாங்கி ஐந்தாறு வருஷத்துக்குள் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையை முற்றுகை போட்டார்கள். 1758-59 முற்றுகை அது. கோட்டைக்கு வெளியே இருந்த இந்த வீட்டைச் சூறையாடினார்கள். மறுபடி பழுது பார்த்துக் கட்டினார்கள்.

பிறகு வந்தார் எட்வர்ட் கிளைவ். பெரிய கிளைவின் மகன். 1798ல் கவர்னரானவருக்கு அந்த வீடு போதவில்லை! வீட்டைப் பெரிசாக்கினார். பக்கத்தில் விருந்து மண்டபமும் எழுப்பினார். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தானே, அந்த வெற்றியின் கொண்டாட்டம் அது. 1802ல் மண்டபம் முடிந்தது. முகப்பில் ஒரு பக்கம் பிளாசி வெற்றிச் சின்னம், மறுபக்கம் ஸ்ரீரங்கப்பட்டண வெற்றிச் சின்னம்.

கட்டிய என்ஜினீயர் கோல்டிங்ஹாம் யார் தெரியுமா? நுங்கம்பாக்கத்தில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டிருந்த வானநூல்காரர்! மெட்ராஸ் நேரம் இன்னது என்று அதே 1802ல் கணக்குப் போட்டுச் சொன்னவரும் இவரே. பின்னாளில் இந்தியாவில் ரயில்கள் வெகுகாலம் ஓடியது அந்த மெட்ராஸ் நேரப்படிதான். எலெக்ட்ரிக் ரயிலுக்கு ஓடுகிறவர்கள் ஒரு நிமிஷம் அவரை நினைத்துக் கொள்ளலாம்.

போனா போகட்டுமா?

“வெள்ளைக்காரன் வீடுதானே, போனா போகட்டும்” என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. திப்புவைக் கொன்ற சந்தோஷத்தில் கட்டிய மண்டபத்துக்கு நாம் ஏன் மாலை போட வேண்டும்?

ஆனால் யோசித்துப் பாருங்கள். கட்டச் சொன்னவன் வெள்ளைக்காரன். கட்டிய கை யாருடைய கை? அந்தக் காலத்து மெட்ராஸ் பங்களா என்றால் கிளிஞ்சலைச் சுட்ட சுண்ணாம்பு. அதை அரைத்து அரைத்து வெண்ணெயாக்கி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால் சுவர் சலவைக்கல் மாதிரி மின்னும். சீமையிலிருந்து வந்தவர்கள் தடவிப் பார்த்து வாய் பிளந்தார்கள். தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குறுக்குச்சாய்வாகச் செருகி, காரை போட்டு மூடும் மெட்ராஸ் ஒட்டுத் தளம், வெயில் காலத்தில் உள்ளே வெக்கை இறங்க விடாது. இதெல்லாம் நம் கொத்தனார், சித்தாள் செய்த வேலை. அவர்கள் பெயரை யாரும் கல்வெட்டில் வெட்டவில்லை. அந்தச் சுவர்தான் அவர்கள் விட்டுப்போன கையெழுத்து.

அதோடு, வெற்றி மண்டபம் என்று கட்டியதை நாம் என்ன செய்தோம் பாருங்கள். நம் தலைவர்களுக்கு அழுகிற இடமாக ஆக்கிக்கொண்டோம். கம்பெனிக்காரன் போட்ட கணக்கு ஒன்று, ஜனங்கள் எழுதிய கணக்கு வேறு. அதனால்தான் மண்டபத்தின் மேல் கை வைக்க எவருக்கும் துணிச்சல் வரவில்லை.

வீட்டுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு கவர்னர் கிண்டிக்குப் போய்விட்டார். அந்த இடம் ஓமந்தூரார் பெயரில் அரசினர் தோட்டம் ஆனது. வீடு, பத்தோடு பதினொன்றாக ஓர் அரசாங்கக் கட்டிடம் ஆனது. அதற்கென்று அழ ஆள் இல்லை. புதிய சட்டசபை வளாகம் கட்டுவதற்காக அதை இடித்தார்கள். 2010 மார்ச்சில் வளாகம் திறந்தது. 2011ல் ஆட்சி மாறியது, சட்டசபை கோட்டைக்கே திரும்பியது. 2014ல் அந்த வளாகம் ஆஸ்பத்திரி ஆனது.

ஆஸ்பத்திரியால் ஏழைகள் பிழைக்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டோம். எந்தக் கட்சி செய்தது என்று வம்பு வளர்க்கவும் நமக்கு ஆசையில்லை. ஆனால் 250 வருஷத்துக்கு மேல் நின்ற வீட்டைத் தள்ளிவிட்டு எதற்காகக் கட்டினார்களோ, அந்தக் காரியம் இரண்டு வருஷம்கூட முழுசாய் அங்கே நிலைக்கவில்லையே! அந்த அவசரம் எதற்கு?

சட்டம் வந்தது, லேட்டாக

அண்ணா சாலையிலேயே இன்னொரு கதை உண்டு. 1897ல் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டிடத்தை 2006ல் இடிக்கத் தொடங்கினார்கள். ஆர்வலர்கள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். இடிப்பு நின்றது. கட்டிடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று 2010ல் ஐகோர்ட் சொன்னது. யாராவது வழக்குப் போட்டால்தான் ஒரு கட்டிடம் பிழைக்கும் என்பது நல்ல ஏற்பாடா?

மரபுக் கட்டிடங்களைக் காக்க ஆணையம் அமைக்கும் சட்டம் சட்டசபையில் 2012ல் நிறைவேறியது. அது அமலுக்கு வர 2024 ஆயிற்று. பன்னிரண்டு வருஷம்! சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே கவர்னர் பங்களா மண்ணாகிவிட்டது.

இனி என்ன? கோட்டைக்குள் பெரிய கிளைவ் குடியிருந்த வீடு தொல்பொருள் துறைக்கு ஆபீசாகப் பயன்பட்டு நிற்கிறது. அடையாற்றங்கரையில் ஜேம்ஸ் பிராடி கட்டிய மாளிகை இசைக் கல்லூரிக்கு இடம் கொடுத்துத் தப்பித்தது. ஆள் புழங்குகிற வீடு சாவதில்லை. பூட்டிப் போட்டு, கூரையில் ஆலஞ்செடி முளைக்க விட்டு, பிறகு ‘அபாயகரமான கட்டிடம்’ என்று போர்டு மாட்டுவது நம் ஊரில் பழகிப்போன வித்தை.

தனியார் வீடுகள் சமாசாரம் வேறு. ஜார்ஜ் டவுனில் தாத்தா காலத்து வீட்டில் கடை வைத்திருப்பவரிடம் போய், “இடிக்காதே” என்று உபதேசம் செய்வது சுலபம். ஒழுகுகிற தளத்துக்கு யார் பணம் தருவது? சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்கு அவர் எங்கே போவார்? வரியில் சலுகை, பழுது பார்க்கக் கடன், அந்த வேலையைப் படித்த ஆட்கள் — இந்த மூன்றும் இல்லாமல் பட்டியல் மட்டும் போட்டால் அவர் ராத்திரியோடு ராத்திரியாக இடித்துவிடுவார். அவரைத் திட்டியும் பிரயோஜனம் இல்லை.

ஆனால் சர்க்கார் வீட்டுக்கு இந்தச் சாக்கு எதுவும் செல்லாது. ஆணையம் முதல் வேலையாக, சென்னையில் அரசாங்கத்தின் கையிலேயே இருக்கும் பழைய வீடுகளை ஒன்றுவிடாமல் எழுதி, தெருப் பெயரோடு பத்திரிகைகளில் போட வேண்டும். எந்தத் துறை அதில் கடப்பாரை வைக்க நினைத்தாலும், ஆறு மாதம் முன்னதாக அந்த வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும். பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர் படிக்கிற மாதிரி, பெரிய எழுத்தில், தமிழில்.