வழிவிடும் சுவர்

வீடு கட்டுவோர் வெயிலையும் மழையையும் எண்ணிக் கூரை அமைக்கின்றனர். காற்றையும் நிலநடுக்கத்தையும் எண்ணித் தூண் நிறுத்துகின்றனர். எரிவாயுவும் வேதிப்பொருளும் வெடிமருந்தும் புழங்கும் இக்காலத்தில், எதிர்பாராத வெடிப்பையும் எண்ணிக் கட்ட வேண்டியுள்ளது. வெடிப்பு நிகழாமல் தடுப்பதே முதற்பணி, அதில் ஐயமில்லை. ஆயினும் மனிதர் கை தவறும்; குழாய் துருப்பிடிக்கும்; பொறி பறக்கும். ஒரு நொடித் தவறு எத்தனை உயிர்களைக் கொள்ளும் என்பதைப் பெரும்பாலும் கட்டடத்தின் அமைப்பே முடிவு செய்கிறது என்பது என் கருத்து.

சுவரைத் தள்ளும் விசை

மூடிய அறையில் கசிந்த எரிவாயு தீப்பற்றினால், சூடேறிய வளி விரிய முயல்கிறது. இடமின்மையால் அழுத்தம் கூடுகிறது. வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே போதும். 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் உள்ள சுவரை ஏறத்தாழ 9 டன் எடைக்கு நிகரான விசை பக்கவாட்டில் தள்ளும். மேலிருந்து வரும் சுமையைத் தாங்கக் கட்டிய செங்கற்சுவர் இதற்கு ஈடுகொடுப்பது அரிது. எனவே சுவரைத் தடிப்பாக்குவது மட்டும் தீர்வாகாது. ஆளில்லாத திசையிலுள்ள சுவரையோ கூரையையோ இலேசாக அமைத்தால், அழுத்தம் ஏறத் தொடங்கும்போதே அது பெயர்ந்து வழிவிடும். ஏனைய பகுதிகள் நிலைக்கும்.

ஒரு மூலை சரிந்த கதை

1968 மே 16 அன்று, இலண்டனில் ரோனன் பாயிண்ட் என்னும் 22 அடுக்குக் குடியிருப்பின் 18ஆம் தளத்தில், ஒரு பெண் அடுப்பைப் பற்றவைக்கத் தீக்குச்சியை உரசினார். கசிந்திருந்த எரிவாயு வெடித்தது. அவர் உயிர் பிழைத்தார். ஆனால், சுமைதாங்கிய சுவர்ப்பலகங்கள் பெயர்ந்தமையால் மேல்தளங்கள் சரிந்தன. அவற்றின் எடை கீழ்த்தளங்களையும் நொறுக்கியது. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் வீழ்ந்து நால்வர் மாண்டனர். வெடிப்பு சிறிது, வீழ்ச்சி பெரிது. பலகங்களுக்கிடையே போதிய பிணைப்பு இல்லாததே காரணம். அதன்பின் 1970இல் பிரிட்டன் தன் கட்டட விதிகளைத் திருத்தியது. ஐந்து தளங்களோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தில் ஓர் உறுப்பு போனாலும், எஞ்சியவை சுமையைப் பகிர்ந்து நிற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

தொலைவும் ஒரு சுவரே

1974இல் இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ வேதித்தொழிற்சாலை வெடித்தபோது இறந்த 28 பேரில் 18 பேர் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள். 2005இல் அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் மாண்ட 15 பேரும், ஆபத்தான பகுதிக்கு அருகே நிறுத்தியிருந்த தற்காலிக அறைகளிலும் அவற்றைச் சுற்றியும் இருந்தவர்கள். ஆளிருக்கும் அறையை எங்கே வைப்பது என்னும் முடிவும் கட்டட வடிவமைப்பின் பகுதியே.

நம் சிவகாசிப் பகுதிப் பட்டாசு ஆலைகளுக்குரிய விதிகளிலும் இவ்வறிவியலே உள்ளது. மருந்து கலக்கும் அறைகள் சிறியனவாகவும் தனித்தனியாகவும் இருத்தல், இடையே வெற்றிடம் விடுதல், ஓர் அறையில் நால்வருக்கு மேல் பணிசெய்யாதிருத்தல் ஆகியன ஓர் அறையின் விபத்தை அவ்வறையோடு நிறுத்தவே வகுக்கப்பட்டன. ஐந்தாவது ஆள் உள்ளே அமரும்போதும், இடைவெளியில் மரநிழலில் மருந்து செலுத்தும்போதும், சுவர் அப்படியே நின்றாலும் வடிவமைப்பு சிதைந்துவிடுகிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்து 30க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது.

யார் செலவு?

இவையெல்லாம் செலவைக் கூட்டும் என்பர் சிலர். உண்மைதான், பிணைப்புக் கம்பிக்கும் வெற்றிடத்துக்கும் விலை உண்டு. அவ்விலையைக் கட்டுபவர் கொடுக்க மறுத்தால், அன்றாடக் கூலிக்கு உள்ளே அமர்ந்திருப்பவர் தம் உயிரால் கொடுக்க நேரிடும். இலாபம் ஒருவருக்கும் இழப்பு இன்னொருவருக்கும் ஆவது அறமன்று.

நாளை உங்களுள் சிலர் பொறியாளராவீர். சிலர் ஆலை நடத்துவீர். சிலர் அவற்றை ஆய்வு செய்யும் அலுவலராவீர். ஒரு வரைபடம் உங்கள் கைக்கு வரும்போது, இது எவ்வளவு உறுதியானது என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இங்கே வெடித்தால் எது பெயரும், எது நிற்கும், அந்த நேரத்தில் மனிதர் எங்கே இருப்பர் என்றும் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை கையொப்பம் காத்திருக்கட்டும்.