ஒரே படகாம்! துடுப்பு யார் கையில்?

வருஷம் தவறாமல் சந்தா கட்டும் சிறு முதலாளி, என்றாவது ஒரு நாள் எழுந்து நின்று கேட்கத்தான் செய்வார்: "இந்தச் சங்கத்தால் எனக்கு என்ன பிரயோஜனம்?" கொங்கு நாட்டில் ஜவுளித் தொழிலை நம்பி ஆறு தறி போட்டிருப்பவரும், பத்துத் தையல் மிஷினை வைத்துக்கொண்டு பிறருக்குத் தைத்துக் கொடுப்பவரும், இன்றுள்ள நிலையில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியாது.

கேட்டால், தொழிலதிபர் சங்கத் தலைவரிடம் பதில் தயாராக இருக்கிறது. சர்க்காருக்கு மகஜர் கொடுப்பது யார்? மந்திரியைப் பார்ப்பது யார்? தனி ஆளாகப் போனால் உன்னை வாசல் தாண்ட விடுவார்களா? தொழிலாளிக்குச் சங்கம் இருக்கும்போது நமக்கு வேண்டாமா? பெரியவர், சிறியவர் என்று பிரித்துப் பேசாதே. நாமெல்லாம் ஒரே படகில் போகிறவர்கள்! இதுதான் பதில்.

"இது முதலாளி வீட்டுச் சண்டை, நமக்கென்ன?" என்று மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒதுங்கி நிற்க முடியாது. சிறு முதலாளியின் கஷ்டத்தைக் காட்டித்தான் பெருமுதலாளி நம் கூலியை வெட்டுகிறார். ஆகவே, இந்தப் படகை நாமும் கொஞ்சம் பரிசோதித்துப் பார்ப்போம்.

'சிறு' என்பவர் யார்?

முதலில் 'சிறு தொழில்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். 2006-ஆம் வருஷச் சட்டப்படி, யந்திர தளவாடங்களில் 5 கோடி ரூபாய் வரை முதல் போட்ட உற்பத்தித் தொழில், சிறு தொழில். 2020 ஜூலை 1 முதல் அந்த வரம்பு 10 கோடி முதலீடு, 50 கோடி விற்றுவரவு என்று உயர்ந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் 25 கோடி முதலீடு, 100 கோடி விற்றுவரவு! அதாவது, வருஷத்துக்கு நூறு கோடி ரூபாய்க்கு வியாபாரம் செய்பவரும் 'சிறு' தொழிலதிபர். அதற்கும் கீழே உள்ள குறுந்தொழிலுக்கே விற்றுவரவு வரம்பு 10 கோடி.

மனைவியும் மகனும் கூட நின்று தறி ஓட்டுகிறவர் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறார்? பட்டியலில் இருக்கிறார், மாநாட்டு மேடையில் இல்லை. "சிறு தொழிலைக் காப்பாற்று" என்று மகஜர் எழுதும்போது அவர் பெயர் வேண்டும். சலுகை வந்து சேரும்போது, கணக்கெழுத ஆளும் பாங்கில் செல்வாக்கும் உள்ளவர்தான் முன்வரிசையில் நிற்கிறார்.

உண்மையான பாதுகாப்பு ஒன்று இருந்தது. 1967-ல் 47 பண்டங்களைச் சிறு தொழில் மட்டுமே செய்யலாம் என்று ஒதுக்கி வைத்தார்கள். பின்னால் அந்தப் பட்டியல் எண்ணூறுக்கும் மேல் வளர்ந்தது. தாராளமயம் வந்தபின் ஒவ்வொன்றாக உருவி, 2015 ஏப்ரலில் கடைசி 20 பண்டங்களையும் எடுத்துவிட்டார்கள். வேலி போயிற்று; வெள்ளாமைக்குக் காவல் இருப்பதாகச் சொல்லிக்கொள்ளும் சங்கம் மட்டும் இருக்கிறது.

மேஜைக்கு இரண்டு பக்கம்

சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிகளைப் பாருங்கள். ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் கொடுக்கிறார். தறிக்காரர் நெய்து, துணியைத் திருப்பிக் கொடுக்கிறார். மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. தறி ஓட்டுகிறவரின் சம்பளம், மின்கட்டணம், குடோன் வாடகை, உதிரி சாமான், கடன் தவணை எல்லாம் அந்தக் கூலிக்குள் அடங்க வேண்டும். பெயர் முதலாளி, பிழைப்பு கூலிப் பிழைப்பு!

2021 நவம்பரில் மந்திரிகளை வைத்துப் பேசி, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் கூலி உயர்வு என்று முடிவாயிற்று. நடந்ததா? நடக்கவில்லை. 2022 ஜனவரி 9 முதல் தறிகளை நிறுத்தித்தான் தறிக்காரர்கள் மறுபடி பேச்சுவார்த்தைக்கு வழி செய்தார்கள். 2025-லும் அதே கதை. மார்ச் 19-ல் தறிகள் நின்றன. ஏறத்தாழ ஒரு மாதம் அடுப்பெரியாமல் கிடந்தபின், ஏப்ரலில் 15 சதவீதம், 10 சதவீதம் என்று ஒப்பந்தம் ஏற்பட்டது.

இதிலிருந்து தெரிவதென்ன? கூலி கொடுப்பவர் மேஜைக்கு அந்தப் பக்கம், கூலி வாங்குபவர் இந்தப் பக்கம். இருவரும் ஜவுளித் தொழில்தான், படகு ஒன்றல்ல. தறிக்காரருக்குக் கிடைத்தது கொஞ்சமோ நஞ்சமோ, அது அவர் தனியாகச் சங்கம் வைத்து, தறியை நிறுத்திப் போராடிப் பெற்றது. பெரியவர்களோடு ஒரே பந்தலில் உட்கார்ந்து மாலை போட்டதால் கிடைத்ததில்லை.

நாற்பத்தைந்து நாள் சோதனை

சங்கத் தலைவர் மெய்யாகவே சிறியவர் பக்கமா என்று சோதிக்க ஒரு நல்ல உரைகல் இருக்கிறது. சரக்கை வாங்கியவர், வேலையைச் செய்யச் சொன்னவர், 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் பாங்க் அறிவிக்கும் வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. இது 2006-லிருந்தே சட்டம். ஆனால் யார் போய் வழக்குப் போடுவது? புகார் கொடுத்தவனுக்கு அடுத்த ஆர்டர் கிடையாது! சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்ற கதைதான்.

ஆகவே 2023 நிதிச் சட்டத்தில் ஒரு ஷரத்துச் சேர்த்தார்கள். குறு, சிறு தொழிலுக்குரிய பாக்கியைக் கெடுவுக்குள் கொடுக்காவிட்டால், அந்தத் தொகையை அந்த வருஷத்துச் செலவாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். 2024 ஏப்ரல் 1 முதல் அமல். அதாவது, முதல் தடவையாகப் பெரியவரின் மடியில் கை வைத்தார்கள்.

உடனே என்ன நடந்தது? "சிறியவனுக்குப் பணம் வரப்போகிறது" என்று சங்கங்கள் ஆனந்தக் கூத்தாடினவா? நாட்டின் பெரிய வியாபாரிகள் கூட்டமைப்பே, 2024 தொடக்கத்தில், இதைத் தள்ளிப்போடுங்கள் என்று நிதி மந்திரியிடம் மகஜர் கொடுத்தது. "இப்படிச் சட்டம் போட்டால் பெரிய கம்பெனிகள் சிறியவரிடம் வாங்குவதையே நிறுத்திவிடும்" என்று காரணம் வேறு சொன்னார்கள். அந்தப் பயத்தில் உண்மை இல்லாமலில்லை. அப்படியானால், சிறியவரைப் பழிவாங்கி ஆர்டரை நிறுத்தும் பெரியவரை எதிர்த்தல்லவா சங்கம் நிற்க வேண்டும்? சட்டத்தை எதிர்த்து நிற்பானேன்?

கூலி என்றால் ஒற்றுமை

பணம் கொடுக்கும் விஷயத்தில் கலையும் படகு, கூலி விஷயத்தில் ஒன்றுசேர்ந்துவிடும். பல வருஷங்களாக உயராமல் கிடந்த தையல் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை, 2014 டிசம்பரில் தமிழக சர்க்கார் உயர்த்தியது. ஆடை முதலாளிகள் சும்மா இருந்தார்களா? நூற்றுக்கணக்கான மனுக்களுடன் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓடினார்கள். 2016 ஜூலையில் நீதிமன்றம் உயர்வு செல்லும் என்று சொல்லும் வரை, தையல் மிஷினில் குனிந்திருந்த பெண்களின் நியாயமான காசு நிலுவையில் கிடந்தது.

அப்போதும் சொன்ன வாதம் என்ன? "சின்ன யூனிட்டுகள் மூடிப்போகும்." ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம்! சின்ன யூனிட்டுக்குக் கொடுக்கும் தையல் கூலியை இரண்டு ரூபாய் உயர்த்தச் சொன்னால், இந்த ஓநாயின் கண்ணீர் எங்கே போகிறது?

பருத்திக் காட்டில்

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கும் இதில் பங்குண்டு. வெளிநாட்டுப் பஞ்சுக்கு 11 சதவீத இறக்குமதி வரி 2021-ல் போடப்பட்டது. அதை எடுத்துவிட வேண்டுமென்று மில் முதலாளிகளின் சங்கங்கள் கேட்டுவந்தன. 2025 ஆகஸ்ட் 19 முதல் டிசம்பர் 31 வரை மத்திய சர்க்கார் வரியை நீக்கியது. அது பருத்தி அறுவடைக்கு வந்து மண்டிக்குப் போகும் காலம். பருத்தி விலை விழுந்தால் முதலில் அடிபடுவது சிறு விவசாயி. அவர் அதை இறக்கி வைப்பது பருத்தி எடுக்கும் பெண்களின் கூலியில்.

"பஞ்சு விலை குறைந்தால் சிறு தொழில் பிழைக்கும்" என்பார்கள். கூலிக்கு நெய்பவருக்குப் பஞ்சேது, நூலேது? பாவும் நூலும் உற்பத்தியாளருடையவை. நூல் விலை குறைந்தால் லாபம் அவர் பையில். தறிக்காரருக்கு அதே மீட்டர் கூலி.

நாம் சொல்வது

சங்கமே வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சங்கத்தின் அருமை நமக்குத் தெரியாததா? கோவையில் மில் முதலாளிகள் 1933-லேயே சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அவர்களை எதிர்த்து நின்றுதான் நாம் நம் சங்கங்களை வளர்த்தோம். நியாயமான கோரிக்கைக்கு யார் குரல் கொடுத்தாலும் ஆதரிப்போம். நிலைக்கட்டணத்தையும் உச்ச நேர மின்கட்டணத்தையும் எதிர்த்து 2023 செப்டம்பர் 25-ல் தமிழகமெங்கும் சிறு தொழிற்கூடங்கள் கதவடைத்தன. அந்தக் கோரிக்கை நியாயமானது.

ஆனால் சிறு முதலாளிக்கு ஒன்றைப் பச்சையாகச் சொல்ல வேண்டும். மேலே உள்ளவர் உன் கூலியை அமுக்குகிறார். நீ கீழே உள்ளவரின் கூலியை அமுக்கிச் சரிக்கட்டுகிறாய். இப்படியே போனால் நீயும் தேற மாட்டாய், உன் தொழிலாளியும் தேற மாட்டார். கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தியபோது உன்னோடு பட்டினி கிடந்தவர் தறி ஓட்டும் தொழிலாளி. உயர்வு வந்தபின் அவருக்குச் சேர வேண்டிய பங்கைக் கொடு. அடுத்த போராட்டத்தில் உன் பக்கம் நிற்க வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த மகாசபையில் உங்கள் தலைவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். 45 நாளில் பணம் தராத பெரிய கம்பெனிகளின் பட்டியலைச் சங்கத்தின் பெயரால் வெளியிடுவீர்களா? தனி ஆளைக் காட்டிக்கொடுக்காமல் சங்கமே முன்னின்று புகார் நடத்துமா? தறிக்கூலி ஒப்பந்தத்தை மீறுகிறவரைத் தண்டிக்கச் சட்டம் கேட்பீர்களா? குறைந்தபட்சக் கூலியை எதிர்த்து இனி எங்கள் பெயரைச் சொல்லாமல் இருப்பீர்களா?

நான்குக்கும் "ஆம்" என்றால் அது உங்கள் சங்கம். சந்தா கட்டுங்கள், நாமும் துணை நிற்போம். தலைவர் தொண்டையைக் கனைத்துவிட்டு மறுபடியும் "ஒரே படகு" என்று ஆரம்பித்தால், அது யாருடைய படகென்று தெரிந்துபோகும். அப்போது இறங்கி வாருங்கள். தறி ஓட்டுகிறவரும், மில்லில் ஷிப்டு முடிந்து வருகிறவரும், பருத்திக் காட்டில் கூலிக்கு நிற்கிறவரும் கரையில்தான் இருக்கிறோம்!