"நரம்புத் தளர்ச்சி" போஸ்டர்: பயத்தை விற்றுப் பணம் பறிக்கிறார்கள்!

சென்னையில் பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குள் போனவர்கள் இதைப் பார்க்காமல் வந்திருக்க முடியாது. "ஆண்மைக் குறைவா? நரம்புத் தளர்ச்சியா? இளமையில் செய்த தவறா? கவலை வேண்டாம்!" அடியில் லாட்ஜ் பெயர், அறை எண், வைத்தியர் வரும் தேதி.

மின்சார ரயிலிலும் இதே ஸ்டிக்கர்தான். இப்போது செல்போனைத் திறந்தாலும் இதே விளம்பரம். இடம் மாறியிருக்கிறது. சரக்கு மாறவில்லை.

அந்தச் சரக்கு லேகியமா? சூரணமா? இரண்டும் இல்லை. பயம்தான் அங்கே சரக்கு!

இந்த வலையில் விழுபவர்கள் இரண்டு ரகம். ஒருவர், கல்யாணத்துக்கு நாள் குறித்த வாலிபர். உடம்பில் ஒரு கோளாறும் இருக்காது. இன்னொருவர், 50 வயதை நெருங்கும் குடும்பஸ்தர். இவருக்கு நிஜமாகவே கோளாறு இருக்கும். வாலிபருக்குத் தேவையில்லாத மருந்து. பெரியவருக்குத் தேவையான மருந்து கிடைப்பதில்லை. பாக்கெட் மட்டும் இரண்டு பேருக்கும் காலி!

40 சொட்டுக் கதை

"40 சொட்டு ரத்தம் சேர்ந்தால்தான் 1 சொட்டு விந்து" என்பது தாத்தா காலத்துப் பேச்சு. வாலிபர்களை மடக்குவது இதை வைத்துத்தான்.

டாக்டர்கள் சொல்லும் கணக்கு வேறு. ரத்தத்தைச் சுண்டக் காய்ச்சி விந்து உண்டாவதில்லை. ஒரு தடவை வெளியேறுவது ஒரு டீஸ்பூன், முன்னே பின்னே. அதில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறுகிற நீர். உயிரணுக்களின் பங்கு ரொம்பக் கொஞ்சம்.

விரைகளில் உயிரணு உற்பத்தி ராத்திரி பகலாக நடக்கிறது. ஒரு அணு உருவாகி முடிய சுமார் இரண்டரை மாதம் ஆகும். வெளியே போகாதது உடம்பிலேயே கரைந்துவிடும். தூக்கத்தில் வெளியேறினால் அது நோய் அல்ல. சுய இன்பத்தால் நரம்பு தளர்வதும் இல்லை, கன்னம் ஒட்டிப்போவதும் இல்லை.

ஆனால் "போச்சே, எல்லாம் போச்சே" என்ற பயம் ஆளைப் படுத்தி எடுத்துவிடும். அசதி, படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். மனநல மருத்துவர் நரேந்திர நாத் விக் 1960-ல் இதற்கு "தாட் சிண்ட்ரோம்" என்று பெயரே வைத்தார். "தாது நஷ்டம்" என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அதே தாதுதான். இதற்கு மருந்து, டாக்டர் உட்கார்ந்து பேசிப் பயத்தைப் போக்குவது. லேகியம் தின்றால் பயம் இன்னும் கெட்டிப்படும்.

உச்சக்கட்டத்தில் நடப்பது என்ன?

அமெரிக்காவில் வில்லியம் மாஸ்டர்ஸ், விர்ஜினியா ஜான்சன் என்ற இருவர் இதை ஆராய்ச்சிக்கூடத்திலேயே அளந்து பார்த்து 1966-ல் புத்தகமாகப் போட்டார்கள்.

உச்சக்கட்டத்தில் இடுப்புக்கு அடியில் உள்ள தசைகள் சுமார் 0.8 வினாடிக்கு ஒரு தடவை சுருங்கி விரிகின்றன. நாடி எகிறுகிறது. மூச்சு வாங்குகிறது. சில வினாடிகளில் எல்லாம் அடங்கிவிடும். உடம்புக்கு இதில் ஆகும் உழைப்பு ஏறக்குறைய இரண்டு மாடி ஏறுவதற்குச் சமம். பிறகு வரும் அசதி, பலம் ஒழுகிப் போனதன் அடையாளம் அல்ல.

அதற்கப்புறம் உடம்பு ஓய்வு கேட்கும். அந்த நேரத்தில் மறுபடி எழுச்சி வராது. வாலிப வயதில் சில நிமிடம் போதும். வயது ஏறினால் சில மணி நேரம், ஒரு நாள்கூட ஆகலாம். இது இயற்கை போட்ட பிரேக். இதையும் நோய் என்று சொல்லிக் காசு பறிக்கிறார்கள்.

இன்னொரு விஷயம். உச்சக்கட்டமும் விந்து வெளியேறுவதும் ஒன்றல்ல. சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கும், புராஸ்டேட் ஆபரேஷன் ஆனவர்களுக்கும் இன்பம் வரும், விந்து வெளியே வராமல் இருக்கலாம். அது பின்பக்கமாகத் திரும்பி மூத்திரப்பைக்குள் போய்விடும். "தாது வற்றிப்போச்சு" என்று இவர்களை அலற வைப்பது அக்கிரமம்!

சின்னக் குழாய், பெரிய எச்சரிக்கை

இனி 50 வயதுக்காரர் சமாச்சாரம். எழுச்சி என்பது ரத்த ஓட்டம். மூளையிலிருந்து உத்தரவு வந்ததும் நரம்பு முனைகளில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. ரத்தக் குழாய் தளர்கிறது, ரத்தம் நிரம்புகிறது. ரத்த ஓட்டத்தில் நைட்ரிக் ஆக்சைடின் வேலையைக் கண்டுபிடித்த 3 விஞ்ஞானிகளுக்கு 1998-ல் நோபல் பரிசே கிடைத்தது.

ஆணுறுப்புக்குப் போகும் குழாயின் அகலம் 1 முதல் 2 மில்லி மீட்டர்தான். இதயத்தின் குழாய் 3 முதல் 4 மில்லி மீட்டர். சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, சிகரெட் இவற்றால் அடைப்பு உண்டானால் சின்னக் குழாய் முதலில் படுத்துவிடும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே படுக்கை அறையில் மணி அடிக்கிறது!

அந்த மணியைக் கேட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய மனுஷன் லாட்ஜ் படி ஏறினால் என்ன ஆகும்? மாதக் கணக்கில் லேகியம் தின்பார். உள்ளே சர்க்கரையும் அடைப்பும் பாட்டுக்கு வளரும். வீட்டில் மனைவிக்குக் காரணம் தெரியாது. "நம்மைப் பிடிக்கவில்லையோ" என்று அந்த அம்மாள் ஒரு பக்கம் அழுவார்.

லேகியத்துக்குள் மாத்திரை

சில லேகியங்கள் "வேலை செய்கிறதே" என்பார்கள். அங்கேதான் ஆபத்து. "மூலிகை" என்று விற்கும் சரக்கில் சில்டினாபில் என்ற இங்கிலீஷ் மருந்தை ரகசியமாகக் கலப்பதைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பிடித்திருக்கிறார்கள். 1998-ல் "வயாக்ரா" என்ற பெயரில் வந்த மருந்துதான் இது.

டாக்டர் சீட்டோடு, அளவோடு சாப்பிட்டால் நல்ல மருந்துதான். ஆனால் நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற மாத்திரையோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி உயிருக்கே உலை வைக்கும். லேகியத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவர் எப்படித் தப்புவார்?

சட்டம் என்ன சொல்கிறது?

ஆண்மையைக் கூட்டும் மருந்து என்று விளம்பரம் செய்வதே குற்றம். 1954-ல் மத்திய அரசு கொண்டுவந்த சட்டம் முதல் தடவைக்கு 6 மாதம் வரை ஜெயில் அல்லது அபராதம், மறுபடி மாட்டினால் 1 ஆண்டு வரை ஜெயில் என்று விதித்தது. ஆனாலும் சுவரில் பசை காய்வதில்லை. காரணம், புகார் கொடுக்க ஆள் வருவதில்லை. ஏமாந்தவர் போலீசில் போய் என்னவென்று சொல்லுவார்? மானம் போகுமே! இந்த வெட்கம்தான் வியாபாரத்தின் முதல்.

வழி இருக்கிறது. சென்ட்ரல் எதிரே உள்ள அரசு பொது மருத்துவமனையில் யூராலஜி பிரிவு உண்டு. மனநலப் பிரிவும் உண்டு. டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னால் முதலில் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்ப்பார்கள். சாப்பிடும் பி.பி. மாத்திரை, மனநல மாத்திரைகூடச் சிலருக்குக் காரணமாக இருக்கலாம். தானாக நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டால் மாற்றித் தருவார்.

லாட்ஜ் அறையில் எண்ணி வைக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும், வெளியே லேப்பில் சர்க்கரை டெஸ்ட் எடுக்க. அந்த ஒரு சீட்டு சொல்லும் உண்மையை ஆயிரம் போஸ்டர் சொல்லாது.