இல்ல நந்தவனம்: பவளமல்லி

பூசைக்கென மலர்ச்செடி நடுவோர் பெரும்பாலும் பூவின் அழகையே நோக்குகின்றனர். ஆண்டு முழுவதும் செடி எவ்வாறு நிற்கும் என எண்ணுவதில்லை. நந்தியாவட்டையும் செம்பருத்தியும் எந்நாளும் பசுமை மாறாதவை. பவளமல்லியோ வறண்ட காலத்தில் இலையுதிர்க்கும் இயல்புடையது.

மன்னார்குடிக்கு அருகிலுள்ள திருக்களர் பாரிஜாதவனேசுவரர் திருக்கோயிலின் தலவிருட்சம் இதுவே. வெண்ணிற இதழும் பவளநிறக் காம்பும் கொண்ட இம்மலர் இரவில் மலர்ந்து விடியலில் உதிர்கிறது. தரையில் வீழ்ந்த மலர் பூசைக்கு ஆகாது என்னும் வழக்கத்திற்கு இது விலக்கு. ஆயினும் மாலையிலேயே செடியின் அடியில் தூய துணியொன்றை விரித்து வைத்தல் நலம். முதியோர் கையை உயர்த்திப் பறிக்க வேண்டிய சிரமமும் இல்லை.

சிறிய முற்றம் உடையோரும் தயங்க வேண்டியதில்லை. தானே வளரவிட்டால் சிறுமரமாகிவிடும். ஆண்டுதோறும் பூக்காலம் முடிந்தபின் கவாத்து செய்தால் ஆறடிக்குள் நிறுத்தலாம். புதிய கிளைகளின் நுனியிலேயே அரும்பு கட்டுவதால் பூ குறையாது. நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். நாற்று வாங்குகையில், இளந்தண்டு நாற்கோணமாகவும் இலை சொரசொரப்பாகவும் இருக்கின்றனவா எனப் பார்த்தல் வேண்டும்.

இலையற்று நிற்கும் செடியைப் பட்டுப்போனது எனக் கருதி வெட்டிவிட்டுப் பின் வருந்துவோர் உண்டு. கிளையின் பட்டையை நகத்தால் சிறிது கீறினால் உள்ளே பசுமை தெரியும். உயிர் இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. மழை கண்டதும் தளிர்க்கும். பூவில்லாத அம்மாதங்களில் ஒரு குடம் நீர் வார்ப்பதும் இறைத்தொண்டே.