மூலமும் உரையும்

மூலம் அரிதாயவிடத்து உரையே மாணாக்கர்க்கு வழிகாட்டி என்பது தமிழ் கற்றார் யாவரும் அறிந்ததே. அவ்வுரை வேறொரு பாடத்திற்கு எழுதப்பட்டதாயின், அதனாற் பயன் விளையாமையேயன்றிக் கேடும் விளையும். இவ்வுண்மை இந்நாளிற் கணிப்பொறி மென்பொருள்கட்கும் பொருந்துமென்பதையே யாம் ஈண்டு எடுத்துரைக்கப் புகுந்தோம்.

திறமூல மென்பொருளாவது, தன் மூலநிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையளிப்பது. பல தேயத்தார் கூடி இயற்றுதலின், அஃது ஓரிடத்தே முற்றுப்பெற்று நில்லாது, பதிப்பின்மேற் பதிப்பாக வெளிவருகின்றது. ஆயின், புதுப்பதிப்பு வந்த அன்றே பயன்கொள்வோர் அனைவரும் அதற்கு மாறுவரோ? மாறார். கலாசாலையிலும் வைத்தியசாலையிலும் வங்கியிலும் பழம்பதிப்பே பல்லாண்டு உழைத்துக்கொண்டிருத்தல் உண்டு. ஆதலின் இணையதளத்தில் வைக்கப்படும் விளக்கவுரையும் பதிப்புதோறும் பகுக்கப்படல் வேண்டும்.

பைத்தான் என்னும் நிரல்மொழியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாம். அதன் 3.0 பதிப்பு 2008ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளிவந்தது. எனினும் பழைய 2ஆம் வரிசைக்குரிய ஆதரவு 2020 ஜனவரி முதல் தேதியிலேயே முடிவுற்றது. ஆகப் பதினோராண்டிற்கு மேலாக இரண்டும் ஒருங்கே வழங்கின. பழையதில் அச்சிடுங் கட்டளைக்கு அடைப்புக்குறி வேண்டுவதில்லை. புதியதில் அஃதின்றேல் கணிப்பொறி பிழையென்று உடனே மறுத்துவிடும். உரைத்து மறுக்கும் பிழையால் தீங்கில்லை. வாய்திறவாப் பிழையே கொடிது. ஒரே வகுத்தற்குறியைக் கொண்டு 7ஐ 2ஆல் வகுப்பின், பழையதில் விடை 3, புதியதில் 3.5. ஒன்றின் உரையைக் கற்று மற்றொன்றில் எழுதும் மாணவன், கணக்குப் பிழைத்தமைக்குக் காரணம் காணாது, தன்னறிவையே ஐயுற்று, இக்கல்வி தனக்கு ஏலாதென்று கைவிடுதலுங் கூடும். குற்றம் அவனதன்று, முகப்பிற் பதிப்பெண் பொறியாத பக்கத்தினது.

இதுபற்றி இருதிறத்தார் வழக்கிடுவர். ஒருதிறத்தார், "புதியதன் உரை ஒன்றே போதும், பழையவற்றை அகற்றுக. ஊதியமின்றி உழைப்போர் எத்தனை உரைகளைத்தான் பேணுவர்?" என்பர். மற்றையோர், "யாவற்றையும் வைத்திருங்கள்; வேண்டுவோர் வேண்டியதைத் தேர்ந்துகொள்வர்" என்பர். முன்னவர் கூற்றின்படி நடப்பின், பழம்பதிப்பை நம்பியிருப்போர் கைவிளக்கிழந்தவராவர். பின்னவர் கூற்றின்படி நடப்பின், கற்கத் தொடங்குவோன் எதனைத் தேர்வதென்றறியாது மயங்குவான். நெடுநாளாகப் பலராற் சுட்டப்பட்டுவந்த பழம்பக்கமே தேடுபொறியில் முன்வந்து நிற்றலும் உண்டு.

எமது அபிப்பிராயம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. பழையவற்றை அழித்தலும் வேண்டா. புதியதனோடு சமமாக நிறுத்தலும் வேண்டா. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருளின் தளம் இதற்கு நல்ல முன்மாதிரி. அதன் பெரும்பதிப்பு ஏறக்குறைய ஆண்டிற்கொன்றாக வெளிவந்து, ஒவ்வொன்றும் ஐந்தாண்டு ஆதரிக்கப்படுகின்றது. உரையின் பக்கத் தலைப்பிலேயே அப்பொருள் பற்றிய பிற பதிப்புப் பக்கங்கட்கு இணைப்புகள் உள. ஆதரவு முடிந்தவை தனியே பகுக்கப்பட்டு, அவற்றைத் திறப்போர்க்கு அச்செய்தி அறிவிக்கவும்படுகின்றது. நடப்புப் பதிப்பிற்கென மாறாத முகவரியொன்றும் உண்டு. வாசகர் தாம் படித்த இடத்திலிருந்தே ஒத்த இடத்திற்குச் செல்லலாம். முகப்பிற்கு மீண்டு முதலிலிருந்து தேடவேண்டுவதில்லை.

உழைப்போர் சுமையைப்பற்றிய ஆட்சேபத்திற்கும் விடையுண்டு. ஆதரவு முடிந்த பதிப்பின் உரையை நாடோறும் திருத்தவேண்டுவதில்லை. எச்சரிக்கையைத் தலையிற் பொறித்து அவ்வாறே நிறுத்தினாற் போதும். நடப்புப் பதிப்பின் உரையை மூலநிரலோடு ஒரே களஞ்சியத்தில் வைத்து, நிரலைத் திருத்துவோர் அக்கணமே உரையையும் திருத்துதல் வேண்டும். பைத்தானின் உரை அதன் மூலநிரலோடு ஒரே களஞ்சியத்தில் வைக்கப்பட்டுள்ளது. சிறு மாறுதல்கட்குத் தனியுரை தேவையில்லை, இவ்வசதி 3.6ஆம் பதிப்பிற் சேர்க்கப்பட்டது என்றாற்போல் உரைநடுவே ஒருவரி குறித்தல் சாலும். அம்மொழியின் உரைகாரர் இம்முறையையும் கையாளுகின்றனர்.

நிற்க. இஃது உரை வகுப்போர்க்கு மட்டும் உரிய கடமையன்று. கற்போரும், பக்கத்தைத் திறந்தவுடன் பதிப்பெண்ணை நோக்கி, தம் கணிப்பொறியிலுள்ளதனோடு ஒப்பிட்டபின்னரே படிக்கப் பழகுவாராக. தமிழில் மென்பொருட் கையேடுகள் எழுதுவோரும் பெயர்ப்போரும் எப்பதிப்பை நோக்கி எழுதினர் என்பதை முதல் வரியிலேயே குறிப்பாராக. அவ்வொரு வரி இன்மையால் நல்ல நூலும் சில்லாண்டில் வழிதவறச் செய்வதாகும்.

நிரலெழுத வல்லவர் சிலர். தெளிவுற எழுத வல்லவர் வேறு சிலர். பின்னவர்க்கும் திறமூலப் பணியில் இடமுண்டென்பதை எம் கலாசாலை மாணாக்கர் உணர்வாராக. பழம்பக்கமொன்றில் எச்சரிக்கை வரியொன்றைச் சேர்ப்பவர், தாம் ஒருகாலும் காணப்போகாத மாணவனொருவனை மனமுடைவினின்றுங் காப்பவராவர். இதனினும் எளிய தொண்டு யாதுளது?